ரேம் ஸ்டிக் இரண்டா நான்கா? புது டெஸ்க்டாப் பட்டியலைப் பார்த்துச் சொல்லுங்கள்

பயன்பாடு வீடியோ எடிட்டிங்கும் கொஞ்சம் கேமும். இதுவரை முடிவானது: ரைசன் 7 7700 பிராசஸர், பி650 மதர்போர்டு, ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டு, 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 750 வாட் பவர் சப்ளை. கார்டு 200 வாட், பிராசஸர் முழு லோடில் 88 வாட். 650 போதும்தான், ஆனாலும் திடீர் பவர் ஏற்றத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்.

குழப்பம் ரேமில். இப்போது 16 ஜிபி இரண்டு போட்டுவிட்டு, பிறகு இன்னும் இரண்டு சேர்க்கலாம் என்றிருந்தேன். ஆனால் இந்த பிராசஸருக்கு ஏஎம்டி சொல்லும் வேகம் இரண்டு ஸ்டிக்கில் 5200 எம்டி/எஸ், நான்கில் 3600தான். 6000 எக்ஸ்போ (ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் ஏஎம்டியின் தயார் செட்டிங்) கிட் இரண்டை ஒன்றாகப் போட்டால் பூட் ஆகாமல் தொங்கலாம். ஒரே மாடல் என்றாலும் உள்ளே சிப் வேறாக இருக்கலாம். அதனால் 32 ஜிபி இரண்டாக முதலிலேயே ஏ2, பி2 ஸ்லாட்டில் போடுவதே சரி என்று படுகிறது. யாராவது நான்கு ஸ்டிக்கை 6000இல் நிலையாக ஓட்டுகிறீர்களா? மெம்டெஸ்ட் (ரேமில் பிழை இருக்கிறதா என்று பார்க்கும் புரோகிராம்) எத்தனை சுற்று ஓடியது? முதல் பூட்டில் மெமரி டிரெய்னிங்குக்கு (போர்டு ரேமுக்கேற்ற அமைப்பைத் தேடுவது) சில நிமிடம் கறுப்புத் திரை இருக்கும் என்பது தெரியும், அதைக் கேட்கவில்லை.

இன்னொன்று, கூலர். கேபினெட்டில் 160 மி.மீ. வரைதான் இடம். கூலர் 157. ரேமின் ஹீட்சிங்க் உயரமாக இருந்தால் முன் ஃபேனை மேலே தூக்க வேண்டும், அப்போது பக்கக் கதவு மூடாது. ஹீட்சிங்க் உயரம் 35 மி.மீ.க்குள் இருக்கும் 64 ஜிபி கிட் ஏதாவது பயன்படுத்துகிறீர்களா? மாடல் பெயர் போதும்.

கடைசியாக, சில போர்டுகளில் இரண்டாவது எம்.2 எஸ்எஸ்டி போட்டால், ஹார்டு டிஸ்க் இணைக்கும் சாட்டா போர்ட்களில் சில அணைந்துவிடும். பழைய ஹார்டு டிஸ்க் இரண்டு இருக்கிறது. அப்படி அணையாத பி650 எது?