அம்பாசிடர் டைமிங்: பல்பு போதுமா, டைமிங் லைட் வேண்டுமா?

கேள்வி (தருமபுரி): பாயின்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடி ஸ்பார்க் வரவைக்கும் தொடுமுனை) வைத்த பழைய பெட்ரோல் அம்பாசிடர். சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் ஏற்றத்தில் எஞ்சினில் டக்டக்கென்று நாக்கிங் (தட்டல் சத்தம்). டைமிங், அதாவது ஸ்பார்க் விழும் நேரம், சரியாக வைக்க எந்தக் கருவி வாங்கலாம்?

பதில் (காவேரிப்பட்டணம்): முதலில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய பிளேடுகள்) வாங்குங்க. பாயின்ட் கேப் 0.38 மி.மீ., பிளேடு லேசாக உரசி வரணும். கேப் அகலமானால் பாயின்ட் முந்தித் திறக்கும், டைமிங் அட்வான்ஸ் ஆகிவிடும், அதாவது ஸ்பார்க் சீக்கிரமே விழும். உங்கள் நாக்கிங்குக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

பிறகு 12 வோல்ட் பல்பு. ஒரு ஒயர் டிஸ்ட்ரிபியூட்டரின் பாயின்ட் டெர்மினலில், இன்னொன்று எர்த்தில். முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில், புல்லிக் குறியை மேனுவல் சொல்லும் டிகிரிக்குக் கொண்டுவாங்க. இக்னிஷன் ஆன். கிளாம்ப்பைத் தளர்த்தி டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்பினால், பல்பு எரியும் அந்த நொடிதான் பாயின்ட் திறக்கும் இடம். எஞ்சினைச் சுற்றும்போது புல்லி குறியைத் தாண்டிவிட்டால் அப்படியே பின்னால் இழுக்காதீங்க, கியர் லூஸ் ஏமாற்றும். நன்றாகப் பின்னே போய் மறுபடி முன்னே வரணும்.

இன்னொரு பதில் (ஓசூர்): பல்பு நின்ற எஞ்சினுக்கு மட்டும்தான். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வேகம் கூடும்போது டைமிங்கை முன்னே நகர்த்தும் வெயிட் துருப்பிடித்திருந்தால் அது காட்டாது. ஓடும் எஞ்சினில், ஸ்பார்க் விழும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட் காட்டும். புல்லிக் குறியில் சாக்பீஸ் தடவி, லைட்டின் கிளிப்பை முதல் பிளக் ஒயரில் மாட்டுங்க. டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வேக்குவம் குழாயைக் கழற்றி அடைக்க மறக்காதீங்க. ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது குறி சீராக நகரணும். நகராமல் நின்றாலோ துள்ளினாலோ வெயிட்டையும் ஸ்பிரிங்கையும் பாருங்க. ஒயர் ஃபேனில் சிக்காமல் பார்த்துக்குங்க.