சராசரி வேகம் சரிதான், ஆனாலும் பையன் 'ஸ்லோ': சிபிடி அறிக்கையில் எதைப் பார்ப்பது?

கேள்வி: வகுப்பறை_4பி

9 வயதுப் பையன், தமிழ்வழி நான்காம் வகுப்பு. ஏடிஹெச்டி (கவனக்குறைவு, அதீத இயக்கக் குறைபாடு) சந்தேகத்தில் கணினியில் சிபிடி என்ற தொடர் கவனச் சோதனை எடுத்திருக்கிறார்கள். எக்ஸ் தவிர எந்த ஆங்கில எழுத்து வந்தாலும் ஸ்பேஸ் பாரைத் தட்ட வேண்டிய வகை. சராசரி துலங்கல் நேரம் (எழுத்து வந்ததிலிருந்து தட்டும் வரை ஆகும் நேரம்) வயதுக்குச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். நேர மாறுபாடு மட்டும் மிக அதிகம். தட்டாமல் விட்டவையும் கொஞ்சம் இருக்கின்றன. வகுப்பாசிரியர் 'கை வேகமே இல்லை' என்கிறார். உண்மையிலேயே மெதுவான பிள்ளையா, கவனம் நழுவுகிற பிள்ளையா என்று இந்த எண்களிலிருந்து சொல்ல முடியுமா?

பதில்: மில்லிசெகண்ட்

சராசரியை முதலில் ஓரமாக வையுங்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து தட்டல்கள், மில்லிசெகண்டில்: 420, 450, 430, 440, 460, 410, 1350, 440, 430, 1170. சராசரி 600. இன்னொரு பிள்ளை பத்து முறையும் 570க்கும் 630க்கும் நடுவிலேயே தட்டுகிறது. அதற்கும் சராசரி 600தான். ஆனால் வரிசைப்படுத்தி நடு எண்ணை எடுத்தால் முதல் பிள்ளைக்கு 440, இரண்டாவதற்கு 600 பக்கம். இரண்டாவது பிள்ளைதான் மெதுவு. முதல் பிள்ளை வேகமானது, இரண்டு முறை மட்டும் எங்கோ போய்விட்டுத் திரும்பியிருக்கிறது.

ஏடிஹெச்டியில் பெரும்பாலும் காண்பது இந்த முதல் வகை. துலங்கல் நேரங்களை வரைபடமாகப் போட்டால் வலப்பக்கம் நீண்ட வால் விழும். அந்த வாலைத் தனியே அளக்கும் எண்ணுக்கு டௌ என்று பெயர். மாறுபாட்டைக் கழித்துவிட்டுப் பார்த்தால், ஏடிஹெச்டி பிள்ளைகள் மற்றவர்களைவிட மெதுவு என்ற வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிடுவதாக ஆய்வுத் தொகுப்புகள் காட்டுகின்றன. ஆனால் இந்த வால் ஏடிஹெச்டிக்கு மட்டும் உரிய முத்திரை இல்லை. தூக்கம் கெட்ட பிள்ளைக்கும் வரும்.

அறிக்கையில் இன்னும் இரண்டு இடங்களைப் பாருங்கள். நீங்கள் சொல்லும் எக்ஸ் வகையான கான்னர்ஸ் சிபிடி என்றால் 360 எழுத்துகள், சுமார் 14 நிமிடம், ஆறு பகுதிகள். எழுத்துகளுக்கு இடையே 1, 2 அல்லது 4 விநாடி இடைவெளி. 4 விநாடி இடைவெளியில் மட்டும் நேரம் எகிறுகிறதா? அப்படியானால் கைக்கு வேலை இல்லாத அந்தச் சும்மா நேரத்தில்தான் கவனம் கழல்கிறது. ஆறாம் பகுதி முதல் பகுதியைவிட மோசமா? அது களைப்பு அல்லது சலிப்பு. 100 மில்லிசெகண்டுக்குள் விழுந்த தட்டல்கள் நிறைய இருந்தால், பார்க்காமலே தட்டியிருக்கிறான்.

பதில்: திரைக்குப்பின்

எண்களை நம்புமுன் எடுத்த விதத்தைக் கேளுங்கள். புளூடூத் விசைப்பலகையா, தொடுதிரையா, கம்பிவழி இணைத்ததா? முதல் இரண்டிலும் தாமதம் ஒரே சீராக இருப்பதில்லை. சீரான தாமதம் என்றால் சராசரிதான் கெடும், ஏறி இறங்குகிற தாமதம் மாறுபாட்டையே கெடுக்கும். நீங்கள் தேடுவதும் அதைத்தானே!

தமிழ்வழிப் பிள்ளைக்கு ஆங்கில எழுத்துகளில் சோதனை என்பதும் எனக்கு உறுத்துகிறது. எழுத்தைக் கண்டுபிடிக்கவே கூடுதல் நேரம் எடுத்தால் அதுவும் அந்த எண்ணில் சேர்ந்துவிடும். டோவா என்ற இன்னொரு கவனச் சோதனை மாதிரி வடிவங்களை வைத்து எடுப்பது மேல்: சதுரத்துக்குள் சிறு சதுரம் மேலே வந்தால் தட்ட வேண்டும், கீழே வந்தால் சும்மா இருக்க வேண்டும்.

'சீக்கிரம் சீக்கிரம்' என்று பக்கத்தில் நின்று சொல்லியிருந்தால் நேரம் குறையும், தட்டக்கூடாதபோது தட்டுவது கூடும். சோதனை எடுக்கும் பெரியவர் பின்னால், பிள்ளையின் பார்வைக்கு எட்டாமல் உட்கார வேண்டும். உணவு இடைவேளைக்கு முந்தைய பாடவேளையில் பசியோடு இருக்கும் பிள்ளைக்கு எடுத்த சோதனையைக் குப்பையில் போடலாம்.

வகுப்பறை_4பி

நன்றி. கம்பிவழிதான். விஸ்க் என்ற சிறுவர் அறிவுத்திறன் சோதனையில் கோடிங் (எண்ணுக்கு உரிய குறியைப் பார்த்து எழுதும் பகுதி) மதிப்பெண்ணும் குறைவு. அதையும் கவனம் என்றே எடுத்துக்கொள்வதா?

பதில்: பென்சில்முனை

அவசரப்படாதீர்கள் டீச்சர். கோடிங் 120 விநாடி ஓடும் எழுத்துவேலை. கண், நினைவு, விரல் மூன்றும் அதில் கலந்திருக்கின்றன. அதே சோதனையில் குறிகளைத் தேடும் பகுதியான சிம்பல் சர்ச்சும் 120 விநாடிதான், ஆனால் எழுதுவது மிகக் குறைவு. சிம்பல் சர்ச் சரியாக இருந்து கோடிங் மட்டும் விழுந்தால் முதலில் பென்சில் பிடிப்பைப் பாருங்கள். குறிக்கு உரிய எண்ணைச் சொல்லும் எஸ்டிஎம்டி சோதனையை எழுத்தாகவும் வாய்மொழியாகவும் 90 விநாடிக்கு எடுக்கலாம். வாய்மொழியில் தேறினால் பிரச்சினை கையில்.

வகுப்பில் செய்யக்கூடியது: 20 கணக்கு உள்ள தாளை ஐந்து ஐந்தாக மடித்துக் கொடுங்கள். ஒவ்வொரு ஐந்துக்கும் மேசைக்கு வந்து காட்டிவிட்டுப் போகட்டும். நடுவில் வரும் நீண்ட இடைவெளியை வெட்டுவதே இதன் வேலை. வெறும் கூடுதல் நேரம் கொடுத்தால் அந்த நேரத்திலும் ஜன்னலைத்தான் பார்ப்பான். கேள்வி கேட்டபின் மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். உடனே மறுபடி கேட்டால் அவன் பாதி யோசித்ததும் கலைந்துவிடும். கரும்பலகையைப் பார்த்து எழுதுவதைப் பாதியாகக் குறையுங்கள்.

பதில்: ஓபி_அறை

இரண்டு விஷயம். நழுவும்போது பையன் எப்படி இருக்கிறான் என்று பாருங்கள். 5 முதல் 15 விநாடி உறைந்து, இமை துடித்து, தோளைத் தொட்டாலும் தெரியாமல், பிறகு விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தால் அது கவனக்குறைவு இல்லை. ஒருவகை வலிப்பாக இருக்கலாம். செல்பேசியில் படம் எடுத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள், இஇஜி (மூளை மின்னலைப் பதிவு) தேவைப்படும்.

சிபிடி மட்டும் வைத்து ஏடிஹெச்டி என்றோ, இல்லை என்றோ முடிவு செய்யக்கூடாது. மனநல நோயறிதல் கையேடான டிஎஸ்எம்-5 படி, கவனக்குறைவு, அதீத இயக்கம் என்ற இரு பட்டியல்களில் ஒன்றிலாவது 9 அறிகுறிகளில் 6, ஆறு மாதமாக, வீடு பள்ளி என இரண்டு இடங்களிலாவது, சில அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். பிற்பாடு மருந்து தொடங்கினால் மறுசோதனை எடுத்த நேரத்தையும் மாத்திரை போட்ட நேரத்தையும் எழுதி வையுங்கள். ஏடிஹெச்டிக்குக் கொடுக்கும் சாதாரண மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை சுமார் நான்கு மணி நேரம்தான் வேலை செய்யும். காலை 8 மணி மாத்திரைக்கு மதியம் 2 மணிக்கு எடுத்த சோதனை மருந்தைப் பற்றி எதுவும் சொல்லாது.