64இலிருந்து 65க்கு: மார்கன் டாலரை மீண்டும் தரச்சான்றுக்கு அனுப்பலாமா?

கேள்வி: வெள்ளிக்காசு (டாலஸ்)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் மார்கன் டாலர் எனப்படும் பழைய அமெரிக்க வெள்ளி நாணயங்கள் இரண்டு உள்ளன. இரண்டும் சான்பிரான்சிஸ்கோ நாணயச்சாலையில் அடிக்கப்பட்டவை; ஆண்டுக்குப் பின் வரும் 'எஸ்' அதன் குறி. முதலாவது, 1881-எஸ். எம்எஸ் 64 (எம்எஸ் என்றால் புழங்கித் தேயாத நிலை) என்ற தரச்சான்றுடன், தர நிறுவனம் மூடி முத்திரையிட்ட நெகிழி உறையில் ஒரு நாணயக் கண்காட்சியில் வாங்கினேன். அதன் ஒளியைப் பார்த்து 65 கிடைத்தே தீரும் என்று நம்பி, உறையை உடைத்து எடுத்து, பழைய தரத்தைக் குறிப்பிடாமல் வேறொரு நிறுவனத்துக்கு அனுப்பினேன். 63 என்று திரும்பி வந்தது. மனம் ஒப்பாமல் மறுபடியும் உடைத்து அனுப்பியதில் 64 கிடைத்தது. கட்டணம், காப்பீடு, அஞ்சல் செலவு என இரண்டு முறை பணம் கட்டியும் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறேன். ஒரே நாணயத்துக்கு இப்படி மாறி மாறித் தரம் வருவது ஏன்? இன்னொரு முறை முயலலாமா?

இரண்டாவது, 1884-எஸ், ஏயூ 55 (ஏயூ என்றால் லேசாகத் தேய்ந்த, எம்எஸ்ஸுக்கு அடுத்த கீழ்நிலை). இதன் தேய்மானம் எனக்கு மிகக் குறைவாகவே தெரிகிறது. இதையும் உடைத்து அனுப்பலாமா என்று சொல்லுங்கள்.

பதில்: பழங்காசுப் பித்தன்

நண்பருக்கு வணக்கம். தரம் என்பது தராசில் நிறுத்துச் சொல்லும் எடை அன்று. பழகிய கண்கள் சில வினாடிகளில் சொல்லும் கருத்து. 1949இல் வில்லியம் ஷெல்டன் என்ற நாணய ஆய்வாளர் பழைய பெரிய செம்பு சென்டுகளுக்காக வகுத்த 70 புள்ளி அளவுகோலைத்தான் இன்று எல்லா அமெரிக்க நாணயங்களுக்கும் பயன்படுத்துகிறார்கள். அதில் 63க்கும் 64க்கும் இடையே கோடு போட்டு யாரும் பிரித்து வைக்கவில்லை. இரு தரங்களின் எல்லையில் நிற்கும் நாணயம் ஒரு நாள் இந்தப் பக்கமும் மறுநாள் அந்தப் பக்கமும் சாயும். ஆனால் உங்களுக்கு வந்த விடைகளைக் கவனியுங்கள்: 64, 63, 64. 65ஐத் தொட நிற்கும் நாணயமாக இருந்தால் அது 63க்கு இறங்கியிருக்காது. உங்கள் நாணயம் 64இன் கீழ்ப்படியில் இருக்கிறது என்றே நான் எண்ணுகிறேன்.

இன்னொரு விஷயம், 1881-எஸ் அரிதானதே அன்று. ஒரு கோடியே 27 லட்சத்துக்கும் மேல் அடிக்கப்பட்டு, பெரும்பகுதி புழக்கத்துக்கு வராமல் பைகளிலேயே கிடந்ததால், 65இலும் தாராளமாகக் கிடைக்கிறது. 64க்கும் 65க்கும் உள்ள விலை வித்தியாசம் நீங்கள் ஏற்கெனவே கட்டிய கட்டணத்தைக்கூட ஈடு செய்யுமா என்பது ஐயமே. 65 வேண்டுமென்றால் 65ஆகவே ஒன்றை வாங்கிவிடுங்கள்.

பதில்: கீழைக்காற்று

மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தம்பி நாணயத்தைத் தம் கண்ணாலேயே பார்த்துத் தெளிவது நல்லது. அறையை இருட்டாக்கி, ஒற்றை மேசை விளக்கின் கீழ் நாணயத்தை மெல்லச் சாய்த்துச் சுழற்றுங்கள். முதலில் சுதந்திர தேவியின் கன்னத்தைப் பாருங்கள். ஆயிரம் நாணயங்கள் கொண்ட ஒரு பை ஏறத்தாழ 26.7 கிலோ எடை. அந்தப் பைகளைத் தூக்கிப் போட்டபோது ஒன்றோடொன்று மோதிய வடுக்கள் அந்த வழவழப்பான கன்னத்தில்தான் முதலில் கண்ணில் படும். மயிர்க்கற்றைக்குள் மறைந்திருக்கும் மூன்று வடுக்களைப் பொறுத்துக்கொள்வார்கள். கன்னத்தின் நடுவில் உள்ள ஒரு வடுவைப் பொறுக்கமாட்டார்கள்.

1884-எஸ் முற்றிலும் வேறு கதை. 32 லட்சம் அடிக்கப்பட்டும் பெரும்பாலானவை மக்கள் கையில் புழங்கித் தேய்ந்துவிட்டதால், தேய்வே இல்லாதது மிக அரிது. ஏயூ நிலையிலிருந்து எம்எஸ் நிலைக்குத் தாண்டினால் விலை பன்மடங்கு உயரும் என்பதால்தான் பலருக்கும் இதில் ஆசை. அந்த ஆசையே கண்ணையும் மறைக்கும். காதுக்கு மேலுள்ள முடியிலும் கழுகின் மார்பிலும் பாருங்கள். அங்கே சக்கரம்போலச் சுழலும் ஒளி அறுந்து, மங்கிய சாம்பல் நிறம் தெரிந்தால் அது தேய்மானம். ஒளி அறாமல் ஓடி, உருவம் மட்டும் தட்டையாக இருந்தால் அச்சு சரியாக விழவில்லை என்று பொருள்.

தயவுசெய்து இதை உடைக்காதீர்கள். உறையோடு அனுப்பி மறுபரிசீலனை கேட்கும் வழி உண்டு. உயர்த்தத் தகுதியில்லை என்றால் பழைய தரமே நிற்கும். உடைத்து அனுப்பினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். ஒருவேளை 'சுத்தம் செய்யப்பட்டது' என்று எழுதி எண் தராமலே திருப்பினால், பெரும் மதிப்பு ஒரே நாளில் கரைந்துவிடும். பளபளப்பு கூட்ட எந்தக் கரைசலிலும் நனைக்கவும் வேண்டாம்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. உடைத்த உறையின் பழைய சீட்டைக் கொடுத்த நிறுவனத்துக்கே திருப்பி அனுப்புங்கள். இல்லாவிட்டால் ஒரே நாணயம், எந்தத் தரத்தில் எத்தனை நாணயங்கள் என்று அவர்கள் வெளியிடும் எண்ணிக்கைப் பட்டியலில் இரண்டு மூன்றாகப் பெருகி, அதை நம்பி வாங்குபவர்களைத் தவறான வழியில் இட்டுச் செல்லும்.

வெள்ளிக்காசு:

அம்மா, ஐயா, இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு நீங்கள் சொன்னபடியே விளக்கின் கீழ் பார்த்தேன். 1881-எஸ்இல் கண்ணுக்கும் வாய்க்கும் நடுவே, நெல்மணி நீளத்தில் சாய்வான ஒரு வடு இருக்கிறது. இத்தனை நாளும் கண்ணாடிபோன்ற அதன் புலத்தை (உருவத்தைச் சுற்றியுள்ள வெற்றுப் பரப்பை) மட்டுமே ரசித்துக்கொண்டிருந்ததால் அதை நான் காணவில்லை. அதை இனி அனுப்பப் போவதில்லை. பழைய சீட்டுகள் இரண்டும் மேசை இழுப்பறையிலேயே இருக்கின்றன. இந்த வாரமே அனுப்பிவிடுகிறேன்.

1884-எஸ்இல் காதுக்கு மேல் சாம்பல் நிறம் தெளிவாகத் தெரிகிறது. எனவே எம்எஸ் ஆசையை விட்டுவிட்டேன். ஆனால் புலத்தில் ஒளி பெரும்பாலும் அறாமல் ஓடுவதால் ஏயூ 58 நியாயம் என்று தோன்றுகிறது. உறையோடு அனுப்பலாம் என்றிருக்கிறேன். உறையின் மேற்பரப்பு கீறல் விழுந்து மங்கியிருப்பது பார்ப்பவர்களுக்குத் தடையாகுமா?

கீழைக்காற்று:

ஆகும் தம்பி. நெகிழிக்கென்று விற்கும் மெருகுப் பசையை மென்துணியில் ஒரு பொட்டு எடுத்து, அழுத்தாமல் வட்டமாகத் தேயுங்கள். உறையின் இணைப்பு விளிம்புகளில் மட்டும் பசை படவேண்டாம். அங்கே ஏதேனும் மாற்றம் தெரிந்தால் உறையைத் திறந்திருப்பார்களோ என்று ஐயப்படுவார்கள். அனுப்புமுன் இரு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.