பெற்றோர் எழுதிக் கொடுத்தால் 17 வயதில் திருமணம் நடத்தலாமா?

கேள்வி (கோத்தகிரி):
அனைவருக்கும் வணக்கம். என் அண்ணன் மகள் இவ்வாண்டு பிளஸ் டூ முடித்திருக்கிறாள். வரும் மாசியில்தான் அவளுக்கு 18 வயது நிறைகிறது. படுத்த படுக்கையாக இருக்கும் எங்கள் தாயார் கண்ணை மூடுவதற்குள் பேத்தியின் திருமணத்தைப் பார்க்க வேண்டும் என்று ஐப்பசியிலேயே முகூர்த்தம் குறிக்கச் சொல்கிறார் அண்ணன். மாப்பிள்ளைக்கு 24 வயது. குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. இரு வீட்டாரும் முத்திரைத்தாளில் சம்மதம் எழுதிக் கையெழுத்திட்டால் போதும் என்று ஊரில் ஒருவர் சொல்கிறார். அது சரிதானா?

பதில் (உதகை, வழக்கறிஞர்):
சரியல்ல, ஐயா. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்ற வயதைப் பெற்றோரின் சம்மதத்தால் தளர்த்த 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தில் இடமே இல்லை. முன்பு இந்து திருமணச் சட்டத்தில் மணமகளுக்கு 15 வயது போதும், 18 நிறையாதவளுக்குக் காப்பாளரின் சம்மதம் வேண்டும் என்று இருந்தது. 1978-இல் வயதை உயர்த்தியபோதே அந்த ஏற்பாடு நீக்கப்பட்டது. ஊரில் சொல்லப்படுவது அந்தக் காலத்துப் பேச்சாக இருக்கலாம். இன்று அப்படி எழுதிக் கையெழுத்திட்டால், வயது தெரிந்தே நடத்தினோம் என்று நீங்களே சாட்சியம் தருவதாகிவிடும். மாப்பிள்ளை, நடத்தி வைப்பவர், அனுமதித்த பெற்றோர் ஆகிய எல்லோருக்கும் 2 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். பெண்களுக்கு மட்டும் சிறை கிடையாது. 18 நிறையாத மனைவியுடன் கொள்ளும் உறவும் வன்புணர்வே என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்திருப்பதால், மாப்பிள்ளை மீது போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம்) வழக்கும் வரும்.

பதில் (கூடலூர், ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்):
தம்பி, கர்ப்பப் பதிவுக்கு வரும் பெண்ணிடம் வயது கேட்டால், கூட வந்த மாமியார் முந்திக்கொண்டு பத்தொன்பது என்பார். பள்ளி மாற்றுச் சான்றிதழை வாங்கிப் பார்த்தால் 17 கூட முடிந்திருக்காது. அதன்பின் காவல் துறைக்குத் தெரிவிப்பது எங்கள் கடமை, மறைத்தால் எங்கள் மீதே வழக்கு. அது கிடக்கட்டும். பாட்டி, அண்ணன், மாப்பிள்ளை எல்லோருடைய விருப்பத்தையும் எழுதியிருக்கிறீர்கள். பெண்ணுடைய விருப்பம் என்ன? அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவள் என்றால், கல்லூரியில் சேர்ந்ததும் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவளுடைய கணக்குக்கே வரும்.

கேட்டவர்:
நன்றி, அம்மா. உதகை அரசு கலைக் கல்லூரிக்கு விண்ணப்பித்திருப்பதாக இன்று காலை நான் கேட்டபோதுதான் சொன்னாள். தாயாரின் மன நிறைவுக்காக நிச்சயதார்த்தம் மட்டும் வைக்கலாமா? அண்ணன் பிடிவாதம் பிடித்தால் என்ன செய்வது?

பதில் (உதகை, வழக்கறிஞர்):
நிச்சயதார்த்தத்தை இந்தச் சட்டம் குற்றமாக்கவில்லை; அதையும் தடை செய்வது பற்றிப் பரிசீலிக்குமாறு 2024-இல் உச்ச நீதிமன்றம் நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டது. என்னைக் கேட்டால் அதுவும் வேண்டாம், ஏனெனில் ஊரறியப் பூ வைத்துவிட்ட பிறகு மனம் மாறினாலும் அவளால் வாய் திறக்க முடியாது. அண்ணன் இணங்காவிட்டால் மாவட்ட சமூக நல அலுவலரிடமோ 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணிலோ தெரிவியுங்கள். நீதித்துறை நடுவர் தடையாணை பிறப்பிக்கலாம். அதை மீறித் தாலி கட்டினால் அந்தத் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது.