தொலைந்த நாவலில் எது திரும்பி வந்தது?

எழுத்து மேல் இருக்கும் பித்து உங்களை எங்கே கொண்டு விட்டது என்று கேட்கத்தான் இந்தத் திரி. முதலில் என் கதை.

பதினோரு அத்தியாயம் முடித்திருந்த நாவல் ஹார்ட் டிஸ்க்கோடு போய்விட்டது. நகல் எடுத்து வைக்கவில்லை (திட்டாதீர்கள், வீட்டில் போதுமான அளவு வாங்கிவிட்டேன்). "நாவல் எப்படிப் போகுது?" என்று யாராவது கேட்டால் "போயே போச்சு" என்பேன். பத்து நாள் எழுத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

பதினோராம் நாள் ராத்திரி தூக்கம் வரவில்லை. ஒரு பழைய நோட்டை எடுத்து, கிழவர் உடைந்த மூக்குக் கண்ணாடிக்கு நூல் சுற்றும் காட்சியை எழுதிப் பார்த்தேன். அப்படியே வந்தது. நூலின் நுனியை எச்சில் தொட்டு முறுக்குவது, மிச்சத்தைப் பல்லால் கடித்து அறுப்பது, போட்டுப் பார்த்துவிட்டு யாரும் கவனித்தார்களா என்று திரும்பிப் பார்ப்பது, எல்லாம். கை வலிக்க வலிக்க ஒன்பது பக்கம்.

அந்தத் தெம்பில் மறுநாள் நான்காம் அத்தியாயத்துக்குப் போனேன். குடும்பத்தின் பூர்வீக வரலாறு. இரண்டு மாதம் தரவு தேடி எழுதியது, படித்தவர்கள் எல்லாரும் பாராட்டியது. ஒரு வாக்கியம்கூட வரவில்லை. தலைப்பு மட்டும் ஞாபகம் இருந்தது. கிழவரை ஆசைப்பட்டு எழுதினேன், அதனால் வந்தார்; இதை எனக்கு இவ்வளவு தெரியும் என்று காட்டத்தான் எழுதியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. இப்படித் திரும்பி வராததை எல்லாம் விட்டுவிட்டேன். இப்போது நாவலில் ஏழே அத்தியாயம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து எழுத்தாளர் தாமஸ் கார்லைலுக்கும் இப்படி நடந்தது. பிரெஞ்சுப் புரட்சி பற்றிய நூலின் முதல் பாகத்தைப் படித்துப் பார்க்கச் சொல்லி நண்பரும் தத்துவ அறிஞருமான ஜான் ஸ்டூவர்ட் மில்லிடம் கொடுத்திருந்தார். 1835இல் அந்தக் கையெழுத்துப் பிரதி எரிந்துபோனது. குப்பைக் காகிதம் என்று நினைத்து வேலைக்காரப் பெண் அடுப்பில் போட்டுவிட்டார் என்பார்கள். மில் 200 பவுண்டு நீட்ட, கார்லைல் 100 மட்டும் வாங்கிக்கொண்டு மறுபடி எழுத உட்கார்ந்தார். 1837இல் நூல் வெளிவந்தது. நான் பத்து நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பதில்:

நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் எனக்கு ஒப்பவில்லை. காட்சி மனதில் நிற்கும், தகவல் நிற்காது. அது ஞாபகத்தின் குணம். அதற்கும் ஆசைக்கும் ஏன் முடிச்சுப் போடுகிறீர்கள்?

அக்கா இறந்த மறுவாரம் அவளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். பேருந்தில் பையோடு தொலைந்தது. நான் எழுதியதிலேயே அதன் மேல்தான் எனக்கு உயிர். மூன்று முறை திரும்ப எழுத முயன்றேன். மூன்றும் இரங்கல் செய்தி மாதிரியே இருந்தன. அழுதுகொண்டே எழுதியதை அழாமல் எழுத வரவில்லை. அதனால் எனக்கு அவள் மேல் பாசம் குறைவு என்று ஆகிவிடுமா?

பதில்:

மன்னித்துக்கொள்ளுங்கள், அந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. உங்கள் பதிலைப் படித்ததும், அவசரப்பட்டுத் தூக்கிப் போட்டுவிட்டேனோ என்று நேற்று ராத்திரி நான்காம் அத்தியாயத்தை மறுபடி தொடங்கினேன். இரண்டாவது பத்தியிலேயே கொட்டாவி வந்துவிட்டது. என் விஷயத்தில் முடிவு சரிதான் போல.

இருந்தாலும் அந்த ஒன்றரைப் பத்தியை மூன்று இடத்தில் நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.