வாலிபர் வேதபாடத்துக்கு உதவி தேவை

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். வருகிற ஞாயிறு வாலிபர் கூட்டத்தில் தேவன் ஏன் துன்பத்தை அனுமதிக்கிறார் என்று நான் பேச வேண்டும். ஒரு தம்பி இப்போதே கேட்டுவிட்டான்: "2004 சுனாமியில் வேளாங்கண்ணி ஆலயத்துக்குள் தண்ணீர் வராதது அற்புதம் என்கிறார்களே அண்ணா, கடற்கரையில் நின்ற பக்தர்கள் என்ன பாவம் செய்தார்கள்?"

வேதாகமத்தில் லூக்கா 13-ஆம் அதிகாரத்தில் சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேரும் மற்றவர்களைவிடப் பாவிகள் இல்லை என்கிறார் இயேசு. சரி, அப்புறம் ஏன் செத்தார்கள்? அதற்கு அங்கே பதில் இல்லை. எல்லாம் இழந்து தேவனிடம் காரணம் கேட்ட யோபுவுக்கும், யோபு 38-ஆம் அதிகாரத்தில் தேவனிடமிருந்து கேள்விகள்தான் திரும்பி வருகின்றன. மனிதனுக்குச் சுயசித்தம் (நன்மையோ தீமையோ தானே தெரிந்துகொள்ளும் உரிமை) உண்டு, அதனால்தான் துன்பம் என்ற விளக்கம் கொலைகாரனுக்குப் பொருந்தும், கடலுக்குப் பொருந்தாதே!

ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள், போதகர்கள் யாராவது இதைப் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுகிறீர்கள் என்று சொல்லுங்கள். "எல்லாம் நன்மைக்கே" மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.