மறு: கிரைண்டிங் = அரைப்பு? "நடையடிப்பு" எடுத்துக்கொள்ளலாமா?

அனைவருக்கும் வணக்கம். கணினி ஆட்டங்களில் பணமோ புள்ளியோ சேர்க்க ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதை ஆங்கிலத்தில் கிரைண்டிங் என்கிறார்கள். விண்கப்பலில் சரக்கு ஏற்றிக் கோளுக்குக் கோள் விற்கும் விண்வணிக ஆட்டங்களில் அதற்கு என்ன தமிழ்ச்சொல் வைப்பது என்று நம் சொற்பட்டியலுக்காக நடக்கும் பேச்சுக்கு என் மறுமொழி இது.

> விண்வணிக ஆட்டங்களில் வரும் கிரைண்டிங்குக்கு "அரைப்பு" என்றே வைத்துவிடலாம். நேர்ச்சொல், சின்னச் சொல்.

ஐயா, சின்னச் சொல்தான். ஆனால் அரைப்பு என்றதும் எங்கள் சேலத்துப் பக்கம் தலைக்குத் தேய்க்கிற அரப்புத் தூள்தான் நினைவுக்கு வரும். அதைவிட, ஆட்டத்தில் நாம் எதையும் அரைப்பதில்லையே! வாங்குகிறோம், ஏற்றுகிறோம், போய் இறக்குகிறோம், திரும்புகிறோம்.

இந்த வேலைக்கு எங்கள் சேலம் செவ்வாய்ப்பேட்டையின் மொத்த வணிகச் சந்தையான லீ பஜாரில் நாள்தோறும் புழங்கும் சொல் "நடை". "இன்னிக்கு எத்தனை நடை?" "மூணு நடை அடிச்சாச்சு." என் சித்தப்பா மினி லாரியில் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஏற்காட்டுக்கு அரிசி, பருப்பு ஏற்றிப் போவார். சின்ன வயதில் நானும் கூடப் போயிருக்கிறேன். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிச் சரக்கை இறக்கியதும், கீழே கொண்டுபோகக் காபிக்கொட்டையோ மிளகோ கிடைக்குமா என்று விசாரிப்பார். கிடைத்தால் எனக்கு பன்னும் டீயும் உண்டு. கிடைக்காவிட்டால் காலி வண்டி, டீசல் கைக்காசு. சட்டைப்பையில் ஒரு குட்டி நோட்டு வைத்திருப்பார். நடைக்கு ஒரு கோடு, ஐந்தாவது கோடு குறுக்கே.

1984இல் டேவிட் பிராபனும் இயன் பெல்லும் பிபிசி மைக்ரோ என்ற கணினிக்கு எழுதிய எலைட் என்ற விண்வணிக ஆட்டமும் இதே கணக்குதான். அதன் வழியில் வந்த கட்டற்ற மென்பொருளான ஊலைட்டை நான் ஆடுகிறேன். தொடக்கத்தில் கையில் 100 கிரெடிட், 20 டன் பிடிக்கும் சரக்கறை. விவசாயக் கோளில் உணவு மலிவு, தொழிற்கோளில் கணினி மலிவு. போகும்போது உணவு, வரும்போது கணினி. ஆனால் கணினியில் ஒரு டன் வாங்கினாலே அந்த 100 கிரெடிட்டில் பெரும்பகுதி கரைந்துவிடும். அதனால் உணவையே ஏற்றி ஏற்றி, நடை நடையாகத்தான் கைமுதல் சேர்க்க வேண்டும். எண்ட்லெஸ் ஸ்கை என்ற இன்னொரு விண்வணிக ஆட்டத்தில் கப்பலே கடனில் வாங்கியதுதான், நாள்தோறும் தவணை கழியும். லாரிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அலுப்பும் இங்கேதான். பெரிய சரக்கறைக்காக ஒரே இரண்டு கோள்களுக்கு இடையே ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். போன வாரம் ஊலைட்டில் பத்துப் பன்னிரண்டு நடை சேர்த்த பணம் முழுவதையும் சரக்காக்கி ஏற்றிக்கொண்டு வந்தேன். சுழலும் விண்வெளி நிலையத்தின் வாய்க்குள் நுழையும்போது அரை நொடி பிசகிவிட்டேன். விளிம்பில் உரசி, கப்பலும் போச்சு, சரக்கும் போச்சு. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை மறுபடி 100 கிரெடிட்டிலிருந்து தொடங்கினேன், ஆசையாகவே.

> "நடை" லாபத்தைச் சொல்கிறது. கிரைண்டிங்கில் இருக்கும் சலிப்பு அதில் இல்லையே?

நல்ல கேள்வி அக்கா. இரண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கையெழுத்துக்காக "நடையாய் நடந்தேன்" என்று சொல்கிறோமே, அந்தச் சலிப்பு எங்கிருந்து வருகிறது? காசு எண்ணுகிற நடையும் கால் தேய்கிற நடையும் ஒரே சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. இந்த ஆட்டங்களின் இழுப்பும் எரிச்சலும் அப்படி ஒட்டித்தான் இருக்கின்றன. வேறு சொல்லில் எனக்கு இது கிடைக்கவில்லை.

பல பொருள் குழப்பும் என்ற கவலை எனக்கு இல்லை. கோயில் நடை சாத்துகிறார்கள், உரைநடை எழுதுகிறோம், தண்ணீர் லாரி தெருவுக்கு இரண்டு நடை வருகிறது. இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம்.

ஆக என் முன்மொழிவு: ஒரு முறை சரக்கு கொண்டுபோய் இறக்குவது "நடை". சரக்கில்லாமல் வருவது "காலிநடை". அதையே திரும்பத் திரும்பச் செய்வது "நடையடிப்பு". சண்டை ஆட்டங்களில் ஒரே எதிரியை நூறு தடவை வீழ்த்துவதற்கு இது பொருந்தாது, அதற்குத் தனிச் சொல் தேடுவோம். "மீள்செயல்" என்று ஒருவர் சொன்னது அங்கே சரியாக வரலாம்.

சொற்பட்டியலில் "அரைப்பு" வரும் இடங்களை நான் இன்னும் தொடவில்லை. மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். லாரித் தொழிலில் இருக்கிறவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், காலிநடையை அவர்கள் என்ன சொல்லி அழைக்கிறார்கள் என்றும் கேட்டுச் சொல்லுங்கள்.

அன்புடன்,
செவ்வாய்ப்பேட்டையிலிருந்து